அரிவாளின் முதுகு

சதக் காக்காவின் வலது கையை ஜப்பான்காரன் வெட்டவில்லை. தொண்டியில் ஒரு டீக்கடை, ராமநாதபுரத்தில் ஒரு சவரக்கடை, ராமேசுவரம் போகிற ரயில், எங்கே உட்கார்ந்தாலும் எவனாவது ஒருத்தன் கண் காது மூக்கு வைத்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பான். மலாயாவில் ஜப்பான்காரன் அவரைப் பிடித்தானாம், உளவாளி என்று நினைத்தானாம், கையை வெட்டிக் கடலில் வீசினானாம். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலாயாவிலிருந்து அவர் கப்பலில் வந்து இறங்கியபோது இரண்டு கையும் சுளையாக இருந்தது. அந்தக் கையால் என்னை அறைந்திருக்கிறார், அறை வாங்கிய கன்னம் இது. வெட்டியவன் நம்ம சீமைக்காரன். வெட்டு விழுந்தபோது எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றவன் நான். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது வெட்டியவரும் இல்லை, வெட்டுப்பட்டவரும் இல்லை. இனி யாருக்குப் பயம்?

என் பெயர் அலியார், அக்காள்மடத்துக்காரன். சீனி முகம்மது மரைக்காயரின் டூரிங் டாக்கீஸில் மிஷின் ஓட்டினேன். டெண்டுக் கொட்டகை, மணல் தரை, பின்னால் நாலு வரிசை பெஞ்சு, பெண்களுக்குத் தனியாக ஒரு தட்டி மறைப்பு. இருந்தது ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அதுவரைக்கும் சனம் பீடி பற்றவைக்கும், முறுக்கு வாங்கும், என் குலத்தையே இழுத்துத் திட்டும்.

சதக் காக்காதான் எங்கள் கொட்டகைக்கு வாய். மாட்டுவண்டியில் தட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கூவுவார், வாசலில் நின்று டிக்கெட்டைக் கிழிப்பார். இந்திப் படமோ இங்கிலீஷ் படமோ வந்துவிட்டால் திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று கதை சொல்வார். அவருக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறைதான். திரையில் ஒருத்தி அழுதால் 'இவ மாமியா ஆணத்துல உப்பக் கூடப் போட்டுட்டு இவ மேல பழியப் போடுறா' என்பார். கொட்டகை குலுங்கும். படத்தின் சொந்தக் கதையைவிட அவர் கதை நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வருகிறவர்கள் உண்டு. வாய் எப்படியோ கோபமும் அப்படி. கார்பன் குச்சியைச் சரியாகத் தள்ளாமல் படம் மங்கினால் இருட்டிலேயே வந்து என் செவிட்டில் ஒரு அறை வைப்பார்.

ஒரே ஒரு பாஷை மட்டும் அவருக்கு ஒழுங்காகத் தெரியும், அது ஜப்பான் பாஷை. சண்டைக்கு முன்னால் பினாங்கில் ஒரு கடையில் இருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் ஒரு கேப்டன் வீட்டுச் சமையலுக்கு இழுத்துப் போனார்கள். அடியும் உதையுமாக அந்தப் பாஷை உள்ளே இறங்கியது. அவரோடு கடையில் இருந்த மச்சினன் ஜெய்னுலாபுதீன், அதாவது அவர் வீட்டுக்காரி தாஜுன்னிசா லாத்தாவின் தம்பி, அங்கேயே இறந்துபோனான். எப்படி இறந்தான் என்று லாத்தா கேட்டபோதெல்லாம் 'காய்ச்சல்' என்று ஒரு சொல்தான் வரும். மலாயாப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அறுபதாம் வருஷம் வாக்கில் உப்பூரில் டெண்டு போட்டிருந்தோம். மதுரையிலிருந்து வர வேண்டிய பக்திப் படப் பெட்டி வரவில்லை. அதற்குப் பதிலாக அனுப்பியிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜப்பான் படம். குடுமி முடிந்த வாள்வீரர்கள் படம். மரைக்காயர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சதக் காக்கா பெட்டிக்குள் கிடந்த போஸ்டரைப் பார்த்தார். வாளைத் தூக்கிப் பிடித்த ஒருத்தன் முகம் அதில் இருந்தது. வேண்டாம், கொட்டகையை ஒரு நாள் மூடுவோம் என்றார். மூடினால் வாடகையை உங்கப்பனா தருவான் என்று மரைக்காயர் கத்தினார். கடைசியில் காக்கா தட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை கூவவில்லை. தம்பட்டம் அடிக்கிறவன்தான் 'சண்டைப் படம், வாள் சண்டைப் படம்' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அப்போது தெரியாது, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். உப்பூருக்கு மேற்கே உள்ளே தள்ளி நெடியேந்தல் என்று ஒரு ஊர். கண்மாய்க் கரையில் ஒரு சாமிக்கல் உண்டு. ஒரு வீரன் ஒரு கையால் தன் குடுமியைத் தானே பிடித்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிற மாதிரிச் செதுக்கியிருக்கும். எந்த ராசாவுக்காக அறுத்துக்கொண்டானோ, ஊரில் யாருக்கும் தெரியாது. தலைகொடுத்தான் சாமி என்று கும்பிடுகிறார்கள். கொலைப்பழி அங்கேதான் தீரும். கொன்றவன் எதுவும் வெட்டாத ஒரு புது அரிவாளை வாங்கி வந்து சாமி முன்னால் வைத்து, மண்டியிட்டுக் கழுத்தைக் குனிய வேண்டும். செத்தவன் வீட்டு ஆள் அதை எடுத்து, கூர் இல்லாத முதுகுப் பக்கத்தால் அவன் பிடரியைத் தொட்டு 'போ' என்று சொல்ல வேண்டும். பெண்கள் குலவை போடுவார்கள். அதோடு பழி முடிந்தது. குனிந்த கழுத்தில் கூர்ப் பக்கம் பட்டால் அதைவிடப் பாவம் அந்த ஊரில் இல்லை.

அந்த ஊர் மருதுபாண்டியின் அண்ணன் நாகநாதனை மடைத் தண்ணீர்ச் சண்டையில் தங்கசாமி என்பவன் வெட்டிக் கொன்றிருந்தான். தங்கசாமி ஜெயிலுக்குப் போய்த் தண்டனை முடிந்து வந்துவிட்டான். இரண்டு வீட்டிலும் ஆண்பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மருதுபாண்டியின் தாய் வீரலட்சுமி, ஒரு மகன் போனது போதும், முதுகைத் தொட்டு முடித்துவிடு என்று மகன் காலில் விழாத குறையாகக் கேட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மருதுபாண்டி சரி என்று சொன்னானே தவிர, அண்ணன் ரத்தம் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. படம் போட்டது புதன்கிழமை. நெடியேந்தலே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. மருதுபாண்டியும் இருந்தான், தங்கசாமியும் எங்கோ பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தான்.

படம் ஓட ஓடச் சனத்துக்கு ஒரே கொண்டாட்டம். வாளைப் பிடிக்கிற பிடியும், சொன்ன சொல்லுக்கு நிற்கிற நிலையும், எசமானுக்காக எதிரியின் நெஞ்சைப் பிளப்பதும் அவர்களுக்குப் பழகிய சங்கதிகள். ஒருத்தன் கை வாளோடு துண்டாகி விழுந்தபோது விசில் காதைப் பிளந்தது. நம்ம ஆளுகதான், கண்ணு மட்டும் சின்னது என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். காக்கா மைக்கில் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார், கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. பேசுகிறது எல்லாம் அவருக்குப் புரிகிறது என்பது எனக்குப் புரிந்தது.

கதையில் அந்த வீரன் மேல் எசமானுக்குக் கோபம் வந்துவிட்டது. வீரன் வெள்ளை உடுப்பு உடுத்தி, நீள வாளை எடுத்து முன்னால் வைத்துவிட்டு மண்டியிட்டான். கழுத்துத் துணியை விலக்கிக்கொண்டு குனிந்தான். அவன் சிநேகிதன் வாளோடு பின்னால் வந்து நின்றான். பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த காட்சி அல்லவா? ஆயுதத்தை வைத்துவிட்டான், குனிந்துவிட்டான், இனி முதுகைத் தொடுவதுதான் பாக்கி. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி ஆரம்பிக்க, அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். மண்டியிட்டவன் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொன்னான்: 'தனோமு.'

அத்தோடு ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டேன். சனம் கல்யாண வீடு மாதிரிச் சிரித்துக்கொண்டு முறுக்கு வாங்கியது. காக்கா மைக்கைப் பிடித்தபடியே நின்றார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முன்வரிசையில் ஒருத்தன் கேட்டான். அவர் மைக்கை வாயிலிருந்து இறக்கிக்கொண்டார்.

அடுத்த ரீலை மாட்டினேன். குனிந்தவன் ஒரு சின்னக் கத்தியை எடுத்துத் தன் வயிற்றில் இறக்கி, இடமிருந்து வலமாக இழுத்தான். பின்னால் நின்றவன் வாளை ஓங்கினான். தலை விழுந்தது.

கொட்டகை வெடித்தது. குனிஞ்சவனை வெட்டிட்டான் என்று ஒரு குரல், அதன் பின்னால் நூறு குரல். மண்ணை வாரித் திரையில் எறிந்தார்கள். பெஞ்சைத் தூக்கி அடித்தார்கள். ஒருத்தன் ஓடிப்போய் அந்தச் சிநேகிதன் முகத்திலேயே அரிவாளைப் போட்டுத் திரையை மேலிருந்து கீழ் வரை கிழித்தான். குறுக்கே போன மரைக்காயரின் மண்டை உடைந்தது. ஒரு கல் வந்து காக்காவின் புருவத்தைப் பிளந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். நான் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அது போனால் என் சோறு போச்சு.

எல்லாரும் போன பிறகு ஒருத்தன் மட்டும் நின்றான். மருதுபாண்டி என்று அவன் பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. புருவத்தில் துண்டை அழுத்திக்கொண்டிருந்த காக்காவிடம் வந்து, அடக்கமாகத்தான் கேட்டான். வெட்டினவனைக் கடைசியில் எல்லாரும் கும்பிட்டார்களே, அது ஏன் என்று கேட்டான். கலவரத்தில் யாரும் பார்க்காததை அவன் பார்த்திருக்கிறான்.

காக்கா அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார். வயிற்றில்தான் மனசு இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை, அதைத் திறந்து காட்டித் தான் சுத்தம் என்கிறான். அப்புறம் துடிக்கவிடாமல் ஒரே வெட்டில் அனுப்பி வைப்பதுதான் கூட நிற்கிறவன் செய்கிற மரியாதை. அந்த மரியாதையைச் செய்தவனை எல்லாரும் கும்பிடுவார்கள். இவ்வளவும் பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப வெட்டாம விடுறதுதான் அவமானமா பாய்?" என்று கேட்டான் மருதுபாண்டி.

"அவங்க ஊர்ல அப்படித்தான்."

மருதுபாண்டி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் உப்பூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நெடியேந்தல்காரர் ஒருத்தர் கலங்கிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி சாமி முன்னால் வைத்த புது அரிவாளை மருதுபாண்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டானாம், அதை உட்கார்ந்து தீட்டுகிறானாம். முதுகைத் தொடுகிறதுக்கு எவனாவது கூர் தீட்டுவானா என்று கேட்டார். தாய்க்காரி கேட்டதற்கு, தங்கசாமியை ஜப்பான்காரன் மாதிரி மரியாதையாக அனுப்பி வைக்கப்போகிறேன் என்றானாம். கொட்டகையில் கதை சொல்லும் பாயிடம் அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றும் சொன்னானாம். பழி தீர்க்க நாள் குறித்த கதை முழுவதையும் அவர் வாயால்தான் கேட்டோம்.

காக்கா கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஏலே அலியாரு, சைக்கிளை எடு," என்றார். ஜும்மாத் தொழுகைக்குக் குளித்துச் சட்டை மாற்றியிருந்தார். வெள்ளைச் சட்டை.

நான் மிதித்தேன், அவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தார். கருவேலங்காட்டுப் பாதை, வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் என் முதுகுக்குப் பின்னால் அவர் பேச ஆரம்பித்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார்.

ஜெய்னுலாபுதீன் காய்ச்சலில் சாகவில்லை. பசி தாங்காமல் கேப்டனின் கிடங்கிலிருந்து அரிசி எடுத்தான், பிடிபட்டான். ரோட்டோரத்தில் சனத்தைக் கூட்டி நிறுத்தி, அவனை மண்டியிட வைத்து, கேப்டனே தலையை எடுத்தான். அந்த வாளைக் கழுவத் தண்ணீர் ஊற்றியது சதக் காக்கா. ஊற்று என்றான், ஊற்றினார். வாளைத் துடைத்துக்கொண்டே கேப்டன் சொன்னானாம், பையன் அழவில்லை, அதனால் ஒரே வெட்டில் மரியாதையாக அனுப்பினேன் என்று. மருதுபாண்டியிடம் காக்கா ஒப்பித்தது அந்தப் பாடத்தைத்தான்.

சண்டையில் ஜப்பான் தோற்றுப்போன சேதி வந்த மறுநாள் காலை கேப்டன் குளித்து வெள்ளை உடுத்திப் புழக்கடையில் உட்கார்ந்தான். கூட நிற்க அவன் ஆட்கள் யாரும் இல்லை. சமையல்காரராக இருந்த காக்காவைக் கூப்பிட்டான். அதே வாளைக் கையில் கொடுத்துப் பின்னால் நிற்கச் சொன்னான். தனோமு என்றான். உன்னை நம்பிக் கேட்கிறேன் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டான்.

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். மிதிலே என்று முதுகில் ஒரு குத்துக் குத்தினார்.

"குனிஞ்ச கழுத்து என் முன்னாடி இருந்துச்சு. வாளும் என் கையில இருந்துச்சு. அடுப்படியில கொண்டுபோய் வாளைச் சாத்தி வச்சுட்டு வாசப்படியில உக்காந்துட்டேன். உயிர் அல்லா நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம், நாம எடுக்கக்கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்லே. அவன் துடிக்கட்டும்னுதான் விட்டேன். மத்தியானம் வரைக்கும் தனோமு, தனோமுன்னு அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கிட்டுக் கெடந்தான்."

அதற்கப்புறம் நெடியேந்தல் வரைக்கும் மூச்சைப் பிடித்து மிதித்தேன்.

கண்மாய்க் கரையில் ஊரே கூடியிருந்தது. நடுவில் தங்கசாமி மண்டியிட்டிருந்தான். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றியிருந்தான். அரிவாள் தீட்டிய சேதி அவன் காதுக்கும் போயிருந்தது. குனியாமல் போனால் நாளைக்குத் தன் மகனின் தலை என்று தெரிந்து வந்து குனிந்திருந்தான். மருதுபாண்டி அரிவாளோடு பின்னால் நின்றான். வெயிலில் கூர்ப் பக்கம் மின்னியது. வீரலட்சுமியை நாலு பெண்கள் பிடித்து வைத்திருந்தார்கள். பெரியவர்கள் தள்ளி நின்று, முதுகைத் தொடப்பா, முதுகைத் தொடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போக ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை.

சாமி கோயில் எல்லை என்று நான் தயங்கினேன். காக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே போனார், தங்கசாமிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். நான் அன்றைக்குச் சொன்னது பாதிதான், மீதியைக் கேள் என்றார். மருதுபாண்டி கேட்கிற நிலையில் இல்லை. நான் இவனுக்கு மரியாதைதான் செய்கிறேன், தள்ளிப் போங்கள் என்றான்.

"அங்கன குனிஞ்சவன் சாவு கேட்டான், கூட நின்னவன் சாவைக் குடுத்தான். இவன் என்ன கேக்குறான்னு நீ கேட்டியாடா?" என்றார் காக்கா. பிறகு கீழே பார்த்தார். "தங்கசாமி, உனக்கு என்னப்பா வேணும்?"

தங்கசாமி தலையைத் தூக்கவில்லை. மண்ணைப் பார்த்தபடியே, "வீட்டுக்குப் போகணும் மாமா," என்றான்.

அந்த இரண்டு சொல்தான் மருதுபாண்டியைப் புரட்டிப் போட்டது. இளகுவான் என்று நான் நினைத்தேன். அவன் முகம் கோணியது.

"என் அண்ணனும் அன்னைக்கு வீட்டுக்குப் போகணும்னுதான் கெஞ்சுனான். விட்டானா இவன்?"

சொல்லிக்கொண்டே ஓங்கி இறக்கினான். காக்கா சட்டென்று குனிந்து தன் வலது கையைத் தங்கசாமியின் பிடரி மேல் விரித்து வைத்தார். யோசித்துச் செய்கிற அளவுக்கு நேரம் இல்லை. அரிவாள் மணிக்கட்டில் இறங்கி, அதற்கும் கீழே தங்கசாமியின் கழுத்துத் தோலைக் கிழித்து நின்றது. கை தனியாக மண்ணில் விழுந்து விரல்கள் ஒரு தரம் மடங்கின. ரத்தம் அந்தக் கல்வீரன் முகம் வரைக்கும் அடித்தது.

நான் அலறினேனா ஓடினேனா ஒன்றும் நினைவில்லை. கைலியைக் கிழித்து அவர் முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன், என் மூஞ்சியெல்லாம் ரத்தம். தங்கசாமி பிடரியைப் பொத்திக்கொண்டு உருண்டு விலகினான். அவனுக்கு உயிர் இருந்தது. மருதுபாண்டி அரிவாளையும் மண்ணில் கிடந்த கையையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தக் கைக்கும் அவன் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்? பழி கேட்டு வந்தவன் இப்போது பழிக்காரன். அரிவாள் அவன் கையிலிருந்து நழுவியது. காக்காவின் காலடியில் மண்டியிட்டான். கழுத்தைக் குனிந்தான்.

"அந்த அருவாள எடுலே," என்றார் காக்கா என்னிடம்.

அவர் நின்றுகொண்டிருந்ததே அதிசயம். உதடு வெளுத்துப் போயிருந்தது. எடுத்து இடது கையில் கொடுத்தேன். அதை மருதுபாண்டியின் பிடரிக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கூர்ப் பக்கம் கீழே இருந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும், என்னை அறைய வரும்போது வருகிற முகம். கொன்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொன்றால் என்ன என்றும் எனக்குத் தோன்றியது. அவ்வளவு ஆத்திரம் எனக்கும் இருந்தது.

"உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டார்.

"வெட்டிருங்க மாமா."

"அது சப்பான்காரன் கேக்குறது. உங்க ஊர்ல கேக்குறதைக் கேளு."

மருதுபாண்டி அழ ஆரம்பித்தான். நெற்றி மண்ணில் பட அழுதான். கேள், கேள் என்று அவன் தாய் அங்கிருந்து கத்தினாள். காக்கா பிடித்திருந்த அரிவாளின் நுனி இரண்டு மூன்று தரம் அவன் கழுத்தில் முட்டி முட்டி விலகியது. கடைசியில் அவன் வாயைத் திறந்து, "போகச் சொல்லுங்க," என்றான்.

காக்கா அரிவாளைத் திருப்பினார். ஒற்றைக் கையால் திருப்ப வரவில்லை, தன் தொடையில் முட்டுக் கொடுத்துத் திருப்பினார். முதுகுப் பக்கத்தை அவன் பிடரியில் வைத்தார். "போ," என்றார். சொன்னதும் என் மேல் சரிந்து விழுந்தார். குலவை போட ஒரு பெண்ணுக்கும் வாய் வரவில்லை. வீரலட்சுமி மட்டும் போட்டாள், அது பாதியில் அழுகையாக உடைந்தது.

ராமநாதபுரம் ஆசுபத்திரிக்கு மருதுபாண்டியே வண்டி ஓட்டினான். மாட்டை அடித்த அடியில் சாட்டை பிய்ந்துபோனது. வெட்டுப்பட்ட கையை வாழை இலையில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். பனை மட்டை வெட்டும்போது தவறிவிட்டது என்று டாக்டரிடம் காக்கா சொன்னார். வலது கை போயிருக்கிறது, இடது கையால் மட்டை வெட்டினீரா என்று டாக்டர் கேட்டார். எனக்கு எப்பவும் இடக்கைதான் டாக்டர் என்றார், அந்த நிலைமையிலும். போலீசு வரவில்லை. நெடியேந்தலில் வாய் திறக்க ஆள் இல்லை.

கையை மறுநாள் காக்காவின் ஊரான தேவிபட்டினத்தில் பள்ளிவாசல் மையவாடியில் ஒரு மூலையில் அடக்கினோம். குழி வெட்டியது மருதுபாண்டி. வேறு மதத்துக்காரன் வெட்டலாமா என்று ஒருத்தர் முணுமுணுத்தார், வெட்டினவனே குழியும் வெட்டட்டும் என்று தாஜுன்னிசா லாத்தா வாசலில் நின்று ஒரு போடு போட்டாள். அன்றைக்குக் காலையில்தான் ஆசுபத்திரியில் வைத்து அவளிடம் காய்ச்சல் கதை பொய் என்று காக்கா சொல்லியிருந்தார், தம்பி எப்படிச் செத்தான் என்றும் கேப்டன் எப்படிச் செத்தான் என்றும் எல்லாம். அதைக் கேட்டு அவள் அழுதாளா ஏசினாளா எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மத்தியானம் மருதுபாண்டிக்கும் ஒரு தட்டுச் சோறு வைத்தாள்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் காக்கா எங்கள் கொட்டகையில்தான் இருந்தார். ஒற்றைக் கையால் டிக்கெட் கிழிக்க முடியாது என்று பல்லால் கடித்துக் கிழிப்பார். எச்சில் டிக்கெட் என்று சனம் திட்டும், இவர் பதிலுக்கு அவர்கள் பாட்டன் வரைக்கும் போவார். கை எங்கே போனது என்று யாராவது கேட்டால், ஜப்பான்காரன் வெட்டிவிட்டான் என்று முதலில் சொன்னது அவரேதான். மருதுபாண்டி ஜெயிலுக்குப் போகக்கூடாது, அவன் ஜெயிலுக்குப் போனால் தங்கசாமி வீட்டோடு மறுபடியும் பழி கிளம்பும், அதற்காகச் சொன்னார். மலாயாவிலிருந்து வந்தவர் என்பதால், முன்னே அவரைப் பார்க்காத சனமும் நம்பியது.

ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். அந்தக் கேப்டன் செய்த பாவமே மலையாகக் கிடக்கிறது, செய்யாததையும் அவன் தலையில் கட்டுகிறீர்களே, நியாயமா காக்கா என்று. அவர் அடுத்த ஆட்டத்துக்கு மணலைச் சமன் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"தாங்குவான்லே," என்றார். "மத்தியானம் வரைக்கும் தாங்குனவன்தானே."